எழுதித் தந்த கொழுப்பு

"ஒனக்குக் கொழுப்புலே" என்று
முதலில் சொன்னது மூணாம் வகுப்பு வாத்தியார்.
அப்புறம் சிங்கிறாலுக்கு விலை வைக்கும் கம்பெனிக்காரன்.
அப்புறம் கட்டின மறுவாரமே பெர்பெத்து.
ஒருத்தரும் எழுதித் தந்ததில்லை.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்தான்
எழுதித் தந்தார்கள்.
டெலஸ்போர், வயது நாற்பத்தேழு, உவரி.
கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்று நாலு.
தொழில் என்ன என்றதற்குக்
கடல் என்றேன்.
மீனவர் என்று போட்டுக்கொண்டாள் அந்தப் பிள்ளை.

பஸ் திசையன்விளை தாண்டவில்லை,
மச்சினன் போனில் வந்துவிட்டான்:
"ராலை விட்டுருங்க அத்தான். நண்டு தொடாதீங்க.
ஓடு இருக்கிறது எல்லாமே கொழுப்பு."
ஓடு இருப்பதெல்லாம் என்றால்
தேங்காய்க்கும்தான் ஓடு இருக்கிறது.
வாய்க்குள் வந்தது. விழுங்கிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் என்னத்தைத் தின்றேன்?
இருபத்தாறு வருஷமாய் சிங்கிறால் பிடிக்கிறேன்.
மீசை முறியாதது கப்பலேறும்.
மீசை முறிந்தது தூத்துக்குடி போகும்.
கால் போனது, செத்தது, ஐசில் கறுத்தது
வீட்டுக்கு வரும்.
அதிலும் சதை பிள்ளைகளுக்கு,
உறிஞ்ச எனக்குத் தலை.

சரி, விரதம் என்று மூன்று மாதம் இருந்தேன்.
ரால் இல்லை நண்டு இல்லை
பாறையில் சுரண்டின சிப்பி கூட இல்லை.
வைராக்கியத்துக்குக் கூலியாக
கரையேறின சாயங்காலங்களில்
முக்குக் கடையில் நாலு பரோட்டா,
மேலே மிதக்க மிதக்கச் சால்னா.
வீட்டில் மீனில்லாத குழம்புக்கு ருசி வேண்டுமே,
இரட்டைத் தேங்காய் அரைத்தாள்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.
இருநூற்று ஏழு.

டாக்டர் சின்னப் பெண்.
திட்டவில்லை. என்ன சாப்பிட்டீங்க என்றாள்.
சொன்னேன்.
டால்டா என்ற இடத்தில் பேனா நின்றது.
சீட்டின் பின்பக்கம் ஈரல் மாதிரி ஒன்று வரைந்தாள்,
பார்க்கத் திருக்கை போல இருந்தது.
ரத்தத்துக் கொழுப்பில் பெரும்பங்கு
இதுவே காய்ச்சுவதுதான் என்றாள்.
ராலில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை,
நிறையப் பேருக்கு அது கொஞ்சம்தான் கூட்டும்.
டால்டா, பாமாயில், கறிக்கொழுப்பு, தேங்காய்
அளவுக்கு மேலே போனால்
ஈரல் தான் அனுப்பின சரக்கைத்
திருப்பி எடுக்காமல் விட்டுவிடும்.

கம்பெனிக்காரன் புத்தி, என்றேன்.
முதல் தடவையாகச் சிரித்தாள்.

"வாரம் ரெண்டு நாள் சாப்பிடுங்க.
அவிச்சு. பொரிக்காம. உப்பு கம்மியா.
தலையை மட்டும் விட்டுருங்க,
கொழுப்பு பூரா அங்கதான் கெடக்கு.
மாத்திரையை நிறுத்தினீங்கன்னா
நான் உவரிக்கே வருவேன்."

நேற்று விடியுமுன் வலையில் ஒன்று.
முக்கால் கிலோ இருக்கும்.
இரண்டு மீசையும் முழுசு.
டார்ச் வெளிச்சத்தில் என் மணிக்கட்டைத்
தடவித் தடவிப் பார்த்தது, நாடி பிடிப்பதுபோல.
கம்பெனியில் கொடுத்தால்
ஒரு வாரத்து டீசல்.
கரை தெரிகிறவரை பேசாமல் இருந்தேன்.
கோயில் கோபுரம் தெரிந்தது.
ஒரு மீசையை நானே முறித்தேன்.

பெர்பெத்து முறிந்த இடத்தைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பழைய முறிவு வெளுத்திருக்கும்.
இதில் ஈரம்.

ஒன்றும் கேட்கவில்லை.
அவித்தாள்.
தலையைத் திருகிப் பூனைக்குப் போட்டாள்.
சதையை நாலாய் வகுந்து
ஒரு பங்கை என் தட்டுக்குத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

கொழுப்பு.