முப்பத்து மூன்றரைப் பாகை

பெயர் எழுதும் இடத்தில் பெயர் இல்லை.
ஜெசிந்தாவின் பிள்ளை.
நிரூபாவின் பிள்ளை.
கௌதமியின் பிள்ளை, இரட்டையில் இரண்டாவது.
நூற்றுப் பதினான்கு கோப்புகள்.
காற்றாடி ஒன்றைப் புரட்டிவிட்டு
மற்றதைப் படி என்கிறது.

நான் தேடுவது:
நிறை. எத்தனை கிழமை.
பனிக்குடத் தண்ணீர் பச்சையாய் இருந்ததா.
முதல் நிமிடத்துப் புள்ளி, ஐந்தாம் நிமிடத்துப் புள்ளி.
வலிப்பு வந்ததா, எத்தனையாம் மணியில்.
இங்கே பிறந்ததா,
வெளியில் பிறந்து கொண்டுவரப்பட்டதா.
கடைசிக் கட்டம் மிகச் சின்னது,
ஓர் எண்ணுக்குத்தான் இடம். விளைவு.
ஒன்று என்றால் இறப்பு.
பூச்சியம் என்றால் வீடு.
எனக்கு முதலில் மாறித்தான் மனதில் நின்றது,
பேராசிரியர் திருத்தினார்.

ஜெசிந்தாவின் பிள்ளையை எனக்குத் தெரியும்.

வைகாசி மாதம், நெடுந்தீவு.
சாமத்தில் குத்து எழும்ப
சோளகம் கடலைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்ததாம்.
விடியட்டும் என்றார் படகுக்காரர்.
விடிந்தது; படகுக்கு முந்திப் பிள்ளை வந்தது.
ஆறு பத்து. அழவில்லை.
கொன்சலா மிஸ்ஸி முகமூடியை வைத்து
இருபது நிமிடம் பையை அமுக்கினா.
கடலில் காற்றுக் கூடிப்போன நாளில்
பிள்ளைக்குக் காற்றுப் போதவில்லை.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் கதவு திறந்து நிற்க
இவர்கள் இன்னும் நடுக்கடலில்.
பதினொன்று நாற்பதுக்கு என் கையில்.
குளிர்விக்கத் தொடங்குவதென்றால்
ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.
மிச்சம் அரை மணித்தியாலம்.

வெளியே ஆஸ்பத்திரி வீதியில் தார் இளகுகிறது.
உள்ளே நான் ஒரு பிள்ளையைக் குளிரப்பண்ணுகிறேன்.
முப்பத்து மூன்றரை.
ஏறவும் விடக்கூடாது, இறங்கவும் விடக்கூடாது,
எழுபத்திரண்டு மணித்தியாலம்.
மூச்சில்லாமல் தவித்த மூளை
குளிரில் கொஞ்சம் ஆறும் என்று
தகப்பன் அருளப்புவுக்குச் சொன்னேன்.
"ஐஸில வைச்ச மீன் மாதிரியோ டொக்டர்?"
அவர் பகிடி விடவில்லை.
தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து கேட்டார்.
ஓம் என்று சொல்ல முடியவில்லை.
இல்லை என்றும்.

அடுத்த நாள் சக்கரக் கதிரையில் ஜெசிந்தா வந்தா.
உள்ளங்காலைத் தொட்டா.
"ஐயோ, பிள்ளை விறைச்சுப்போச்சு"
மடியில் கிடந்த துவாயை உதறி விரிச்சா.
நான் அந்தக் கையைப் பிடித்தேன்.
கோப்பில் இது
'சிகிச்சை: உரிய நேரத்தில் வழங்கப்பட்டது'
என்று இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

கணினி தன் பாட்டில் கணக்குப் பார்க்கும்.
நிறை குறைந்தால் இத்தனை மடங்கு,
வலிப்பு முந்தினால் இத்தனை மடங்கு.
காற்று என்று ஒரு காரணி போடலாமா என்று கேட்டேன்.
பேராசிரியர் சிரிக்கவில்லை.
"எப்படி அளப்பாய்?" என்றார்.
கன நேரம் யோசித்துவிட்டு
அவரே சொன்னார்,
"தூரம் என்று போடு."

நாலாம் நாள் சூடேற்றினோம்,
மணித்தியாலத்துக்கு அரைப் பாகை,
அவசரப்படக்கூடாது.
முப்பத்து ஐந்தில் மறுபடி வலிப்பு.
முப்பத்து ஐந்தரையில் எல்லோரும் ஓடி வந்தோம்.
பிறகு ஒருவரும் ஓடவில்லை.

ஜெசிந்தா துவாயை விரிச்சா.
மஞ்சள் துவாய், ஒரு மூலையில் வாத்துப் படம்.
கழுத்து வரை போர்த்தி
விளிம்பைக் காலடியில் செருகினா,
நித்திரையில் உதைத்துத் தள்ளிவிடாமல்.
நான் தடுக்கவில்லை.

அறுபத்திரண்டாவது கோப்பு. ஒன்று.

அறுபத்து மூன்று, மிருசுவில்,
நிரூபாவின் பிள்ளை.
நிறை குறைவு. தண்ணீர் பச்சை.
ஐந்தாம் நிமிடத்திலும் மூன்றே புள்ளி.
ஆறாம் மணியில் வலிப்பு, பன்னிரண்டில் இன்னொன்று.
வர வேண்டிய எல்லாம் வந்திருக்கிறது.
பக்கத்தைத் திருப்புகிறேன்:
பதினெட்டாம் நாள், முலைப்பால் குடிக்கிறது, வீடு.
திரும்ப ஒருக்கால் படித்தேன்.

பேனை முனையைக் கட்டத்தில் வைத்து
அந்தப் பூச்சியத்தை
மெதுவாய், வளைவு பிசகாமல்
கொண்டுவந்து முடித்தேன்.