நம்பு

சின்னப்பாலத்தில் கல்லெறிந்தால்
ஏதாவதொரு நம்பு மேல்தான் விழும்.
நான் நம்புத்தாய். எதிர்வீடு நம்புலெட்சுமி.
சாமி பெயர். யாரும் அதை
ஏவலாய்க் கேட்டதில்லை.

பாசி பறித்துக் கரையேறி
விரல்துணி அவிழ்க்கையில் போன்.
“நம்பு மேடம், தடைக்கால நிவாரணம் நிக்குது.
லிங்க் வந்திருக்கும், தொட்டு
பின் நம்பர் போடுங்க.
பத்து நிமிஷம்தான்.”

பெயர் தெரிந்திருக்கிறது, பேங்கும்.
தொட்டேன்.
உப்பில் ஊறி வெடித்த விரலைத்
திரை மதிக்கவில்லை.
சேலையில் துடைத்து மறுபடி தொடுமுன்
ஒரு நினைப்பு குறுக்கே வந்தது:
சனிதோறும் பாசி ஏஜண்டு பணம் போடுகிறார்,
டிங் என்று விழுகிறது.
ஒருநாளும் பின் கேட்டதில்லையே.
வருகிற காசுக்கு
நான் எதற்குப் பெட்டியைத் திறக்கணும்?

“வத்தத்துக்கே கடல் ஆறு மணி நேரம் தருது,
நீங்க பத்து நிமிஷமா, சார்?”
வைத்துவிட்டான்.

சிரித்துக்கொண்டே எதிர்வீட்டில் சொன்னேன்.
நம்புலெட்சுமி சிரிக்கவில்லை.
நேற்று மத்தியானம், பதினோராயிரம்.
வள்ளத்து மோட்டாருக்கு வைத்தது.
அவருக்கு இன்னும் தெரியாது.

ஒன்று ஒன்பது மூன்று சைபர்,
நான்தான் அழுத்தினேன்.
போனை அவள் காதில் வைத்தேன்.
“பெயர் சொல்லுங்கம்மா” என்றது மறுமுனை.
அவள் கடலைப் பார்த்தாள்.
பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல,
நம்பு என்றாள்.