ஏனெனில்

பாம்பன் டோக்கன் கவுண்டரில்
கம்பிக்கு இந்தப்புறம் நான்.
அந்தப்புறம் கித்தேரியான்.
விசைப்படகில் பதினொரு வருடம்,
பிறவியிலேயே காது கேளாது.

"வயர்லெஸ்ல கூப்பிட்டா இவனுக்கு எப்படித் தெரியும்?
பேரை அடிச்சிரு" என்றார் ஆய்வாளர்.
அடித்தேன்.
பேனா நன்றாகவே எழுதியது.

இஞ்சின் இருமுவதை
உள்ளங்காலால் முதலில் அறிகிறவன் இவன்தான் என்று
டிரைவர் சொல்லிப் பார்த்தார்.
அதைக் குறிக்க ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை.

மறுநாள் வந்தான்.
ஈரம் பட்டு உப்பிய சட்ட நகல்,
மூன்றாம் பிரிவின் மேல் ஒரு மீன் செதில்,
அடையாளத்துக்கு வைத்தானோ
தானாய் ஒட்டியதோ.
கூடவே துண்டுச் சீட்டு:
'ஏன் இல்லை என்பதை
எழுதிக் கொடுங்கள்.'

ஆய்வாளர் வாயசைத்தார்.
அவன் சீட்டைத் தொட்டுக் காட்டினான்.
இன்னும் உரக்க வாயசைத்தார்.
வரிசை ஐஸ் பிளாண்ட் வரை நீண்டது.
அவன் விரலை எடுக்கவில்லை.

கடைசியில் காகிதம் எடுத்தார்.
தேதி போட்டார். பெயர் எழுதினார்.
'அனுமதி இல்லை, ஏனெனில்'
என்று எழுதி
நிறுத்தினார்.

பாலத்தடியில் நீரோட்டம் இரைந்தது,
கேட்கிற எங்களுக்கு மட்டும்.

டோக்கன் கட்டில்
அடுத்த எண் நாற்பத்தேழு.
கிழித்து வைத்துக்கொண்டேன்.