இரண்டாம் ஞாயிறு

அரசரடி டியூஷன் சென்டர் மாடி.
போர்டில் யாரோ பாதியில் விட்ட சைன் தீட்டா.
ஆறு பேர், ஏழு பிரதி.
ஏழாவது குப்புராமுக்கு;
வந்தால், தலைப்பை மட்டும் மாற்றச் சொல்வார்.

அப்பா இறந்த இரவைப் படித்து முடித்தேன்.
ஃபேன் காற்றில் பறக்காதிருக்க
அவரவர் செல்போன் தாளின்மேல்.

காஜாமைதீன் இரண்டு 'நிலா'வையும் அடித்தார்.
"பெரியாஸ்பத்திரி வாசல்ல
சோடியம் லைட்டுதானய்யா இருக்கு."

அமலோற்பவம் டீச்சர்
'கதறினேன்' என்ற சொல்லை விரலால் மூடிக்கொண்டு
"சரி, அன்னைக்கு ராத்திரி என்ன சாப்டீங்க?" என்றார்.

கோபம் வந்தது.
பிறகு சொன்னேன்:
நாலு பரோட்டா.
சால்னா ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.
மார்ச்சுவரிச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது.

இருளப்பன் பேனாவை மூடினார்.
"இதுல எங்க இருக்கு அது?" என்று
தாளைத் திருப்பித் தந்தார் டீச்சர்.
எட்டரைக்குச் சாவியைக் கொடுத்தாக வேண்டும், எழுந்துவிட்டோம்.

மூன்று மாதமாய் அதே கவிதையோடு படியேறுகிறேன்.
நிலா போய்விட்டது. கதறல் போய்விட்டது.
குப்புராம் ஒருநாள் வந்து தலைப்பும் போய்விட்டது.
அந்த இரண்டாவது சால்னாவைத்தான்
எந்த வரியில் ஊற்றுவதென்று
இன்னும் தெரியவில்லை.