நிமிசத்துக்கு எத்தனை சொட்டு

விண்ணப்பத்தில் நாலு கட்டம்.
ஒன்றில் மட்டும் டிக் அடிக்க வேண்டும்.
ஜெல் பேனா கசிந்து
என் ஆள்காட்டி விரல் நீலமாகிவிட்டது.
கட்டங்கள் இன்னும் வெள்ளை.

நான் செல்லூரிலிருந்து வந்தேன்,
அம்மா ராத்திரி டூட்டி முடித்துப்
பெரியாஸ்பத்திரியிலிருந்து.
யானைக்கல் பாலத்து முனையில் சந்தித்தோம்.
கீழே வைகை,
வழக்கம்போல் மணலும் கருவேலமும்.
சீருடைக்கு மேல் துண்டு போர்த்தியிருந்தாள்,
பினாயில் வாடை அதற்குள் அடங்கவில்லை.

கணக்கு தொண்ணூற்றெட்டு.
அறிவியல் எண்பத்தொன்பது.
"கணக்க விட்டுருடி" என்கிறாள் ஷப்னம் பர்வீன்,
கெட்ட சேர்க்கையை விடச் சொல்வதுபோல.
பியூர் சயின்ஸில் அடித்து முடித்துவிட்டாள்.
நீட்டில் கணக்கே கிடையாது,
இல்லாத பாடத்துக்கு எதற்கு ராத்தூக்கம்?
நூற்றெண்பது கேள்வி,
தப்பு ஒவ்வொன்றுக்கும்
வாங்கிய மார்க்கிலிருந்து ஒன்று போகும்.
அந்தக் கழித்தலை
அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

எதிர்வீட்டு அஜய்பாண்டி அண்ணனும்
அப்படித்தான் விட்டார்.
நாமக்கல்லில் ஒரு வருடம்,
மொட்டைமாடியில் ஒரு வருடம்,
மூன்றாம் தடவை நாலு மார்க்கில் போனது.
இஞ்சினியரிங் பக்கம் திரும்பினால்
பிளஸ் டூவில் கணக்கு உண்டா என்று கேட்டார்கள்.
இப்போது சிம்மக்கல்லில் மருந்துக்கடை வேலை.
டாக்டர்கள் கையெழுத்தை
அவர்போல் வாசிக்க அந்தத் தெருவில் ஆளில்லை.

எனக்கு என்ன பிடிக்கும் என்று
விண்ணப்பத்தில் கேள்வி இல்லை.
இருந்திருந்தால் இரண்டு எழுதியிருப்பேன்.
நிரூபணம் முடிகிற இடத்தில்
இடறாமல் வந்து நிற்கும் அந்த 'எனவே'.
அப்புறம்,
கறிக்கடையில் ஆட்டு இதயத்தை
வெட்டாமல் கேட்டு வாங்கி,
சமையலறை வெளிச்சத்தில் பிளந்து
நாலு அறைக்குள்ளும் விரல் விட்டுப் பார்த்த
ஒரு ஞாயிற்றுக்கிழமை.
(பிறகு அம்மா அதைக் குழம்பு வைத்தாள்.
நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.)

கிளார்க் தேவசகாயம்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"டாக்டரா, இஞ்சினியரா, சொல்லும்மா.
பின்னால வரிசை நிக்குது."

அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை.
கொட்டாவிக்கு நடுவே என்னிடம்,
"ராத்திரி ஒரு ட்ரெயினிங் பையன்டி,
மீசகூட சரியா மொளைக்கல.
ஐநூறு மில்லி பாட்டிலு,
நாலு மணி நேரத்துல ஏறி முடியணுமாம்.
நிமிசத்துக்கு எத்தன சொட்டுன்னு
கையுறைலயே எழுதி எழுதி அடிக்கிறான்.
நான் மாப்பைப் பிடிச்சுக்கிட்டு
எங்க துடைக்கிறதுன்னு நிக்கிறேன்."

"ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு?"

"இருவதுன்னு நர்சம்மா சொன்னாங்க."

ஐநூற்றை இருபதால் பெருக்கினால் பத்தாயிரம்.
நாலு மணி நேரம், இருநூற்று நாற்பது நிமிடம்.
"நாப்பத்திரெண்டு" என்றேன்,
"அதுக்குக் கொஞ்சூண்டு கம்மி."

துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
"அவனும் அதான் வச்சான்.
ரெண்டாந்தடவதான் வந்துச்சு அவனுக்கு."

பயோ மேத்ஸில் அடித்தேன்.
டிக்கின் வால்
பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் நீண்டுவிட்டது.
"ரெண்டையும் சுமக்கணும், தெரியும்ல?"
என்றார் தேவசகாயம்.
"முடியலைன்னா ஜூலைக்குள்ள வந்து மாத்திக்க."

தெரியும். மற்றதெல்லாம் தெரியாது.
டாக்டர் ஆவேனா, நாலு மார்க்கில் போவேனா,
ஜூலையில் இதே கவுன்டருக்குத் தலைகுனிந்து வருவேனா.

பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில்
அம்மா பேனாவை வாங்கினாள்.
என் பெயருக்கு முன்னால் நிற்கிற 'மு'
அவளுடையது.
முத்திருளாயி என்று
ஒவ்வோர் எழுத்தாக இறக்கினாள்.
கசியுது என்று நான் சொல்வதற்குள்
அவள் விரலும் நீலம்.

"என்னடி பேனா இது" என்று
துண்டில் துடைத்துக்கொண்டே,
பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை எண்ணி
என்னிடம் தந்தாள்.
நோட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.
அவள் தூங்கப் போக வேண்டும், நடந்து.