ரசமட்டம்

பேராலயத்து இரும்பு வேலியில் முதுகைச் சாய்த்து
ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
ஆளுக்கோர் அட்டை:
தச்சு, மின்சாரம், சுவர்ப்பூச்சு.
என்னுடையது குழாய் வேலை.
கடைசி எழுத்து இடமில்லாமல் கீழே தொங்குகிறது.

சோகலோ என்றால் பீடம்.
விடுதலைக்கு ஒரு தூண் நிறுத்துவதாய்ச் சொன்னார்கள்,
பாட்டன்களின் பாட்டன் காலத்தில்.
வட்டமாய்ப் பீடம் எழும்பியது.
பணம் தீர்ந்தது, ஆட்சி கவிழ்ந்தது, யுத்தம் வந்தது,
தூண் வரவில்லை.
பீடமும் ஒருநாள் மண்ணுக்குள் போனது.
பெயர் மட்டும் எழுந்து நடந்து
மெக்சிகோவின் ஊர்ஊராய்ப் போய்
சதுக்கம் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்துகொண்டது.

"நம்ம கூலி மாதிரி," என்பான் எலெயுதேரியோ.
"அச்சாரம் வந்தது, மிச்சம் வரலை."

வெயில் ஏறினால் அவன் கொடிமர நிழலுக்குப் போய்விடுவான்.
இந்த வெளியில் இருந்த மரங்களை
நான் பிறக்குமுன்பே பிடுங்கிவிட்டார்கள்.
கொடிமர நிழல் ஓர் ஆள் அகலம்.
அதற்குள் ஒற்றை வரிசையில்
ஒரு பலூன்காரி, இரண்டு போலீஸ்,
பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்கள்.
நிழல் நகர, யாரும் யாரையும் பார்க்காமல்
அரையடி அரையடியாய் நகர்கிறார்கள்.

வேலை வராத நாளில்
ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைப்பேன்.
குமிழி நடுவில் நின்றதே இல்லை.
அடியில் ஏரி.
ஏரிமேல் பழைய நகரம், அதன் கோயில்.
அந்தக் கோயிலைப் பெயர்த்த கல்லில் இந்தப் பேராலயம்.
மேலிருப்பது அழுத்துகிறது.
கீழிருப்பது ஒரு பக்கமாய் மட்டும் விட்டுக்கொடுக்கிறது.
உள்ளே குவிமாடத்திலிருந்து
சரிவை அளக்க ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது.
புனிதப் பொருளென்று நினைத்து
என் மைத்துனி அதற்குச் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.
நான் திருத்தவில்லை.

இன்று ஒருத்தி வந்தாள், ஒதிலியா என்று பெயர்.
"மேஸ்திரி, குளியலறைத் தண்ணீர்
ஓட்டைக்குப் போகாமல் கதவுக்கு வருது.
போன வருஷம் நல்லாத்தான் இருந்தது."
போய்ப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி.
குழாயில் பழுதில்லை அம்மா,
வீடு புரண்டு படுத்திருக்கிறது.
தரையைக் கொத்திப் புதுச் சரிவு கொடுக்கலாம்.

"எத்தனை காலம் தாங்கும்?"

ஆறு வருஷம். ஏழு என்றும் சொல்லலாம்.
அப்புறம் வேலியோரம் யாராவது இருப்பார்கள்.

அவள் சிரிக்கவில்லை.
எண்ணி அச்சாரம் கொடுத்தாள்.

அட்டையை எடுக்கத் திரும்பி வந்தபோது
வரிசை அரண்மனைப் பக்கம் போயிருந்தது.
அதன் நுனியிலிருந்து எலெயுதேரியோ கத்தினான்:
"மிச்சத்தையும் இன்னைக்கே வாங்கு!"
பலூன்காரி அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.