கிளிஞ்சல் லோடு

பரமத்தி ரோட்டில், தீவன ஆலையின் பின்கட்டில்
பத்துக்குப் பன்னிரண்டு அறை என்னுடையது.
ஒரு தராசு, ஒரு ஃபேன், அமில பாட்டில்,
கதவில் நீல எழுத்தில் ‘தரக் கட்டுப்பாடு’.
‘த’ உரிந்து ரொம்ப நாளாச்சு.

நாமக்கல்லில் கடல் கிடையாது.
ஆனாலும் செவ்வாய்தோறும் வருகிறது,
பதினாறு டன், தார்ப்பாய் போர்த்தி,
தருவைகுளத்து சந்தியாகு ஓட்டிவர.
திண்டுக்கல் தாண்டும்போதே வாடை செத்துவிடுமாம்.
வேலூர்ப் பாலத்தில் காவிரிக் காற்று பட்டதும்
மறுபடி எழுந்துகொள்ளுமாம்.

“எறக்கீரலாமுங்களா?”
“பொறுங் அங்கப்பண்ணா, சொட்டு உட்டுப் பாத்துக்கறேன்.”

மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி.
கண்ணாடிக் குவளையில் அதில் கொஞ்சம்.
மேலே ஐந்து சொட்டு அமிலம்.
சுர்ரென்று பொங்குகிறது.
பொங்கினால் சுண்ணாம்பு, கம்மென்று கிடந்தால் மணல்;
பன்னிரண்டு வருஷச் சம்பளம் இந்த ஒரு வரிக்குத்தான்.
அந்த நுரைக்குள் இருப்பது
ஒரு சிப்பி உயிரோடிருந்த நாளெல்லாம்
தண்ணீரிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிப்
பூட்டிவைத்த கரி.
பத்து விநாடியில் திறந்துவிட்டேன்.

வாசலில் நின்று பார்க்கிறான் சந்தியாகு.
“முன்னல்லாம் சல்லடையில நிக்கும்க்கா.
இப்ப பாதி மாவால்லா போவுது.”

பழஞ்சிப்பியா, வெயிலில் குவியலாகக் கிடந்ததா,
வேறேதுமா, எனக்குத் தெரியாது.
ஒரு குவளையை வைத்துக் கடலுக்குத் தீர்ப்பெழுத முடியாது.
படித்தது மட்டும் தெரியும்:
நாம் விடும் கரிப்புகையில் நாலில் ஒரு பங்கைக்
கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது கடல்.
வாங்க வாங்கப் புளிப்பின் பக்கம் நகர்கிறது.
எட்டு புள்ளி இரண்டாக இருந்தது
எட்டு புள்ளி ஒன்று ஆகியிருக்கிறது.
புள்ளிக்குப் பின்னால் ஒன்று குறைந்தால்
நான் வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.
இந்த அளவுகோலில் மட்டும் அந்த ஒன்றுக்குக்
கால் பங்கு புளிப்பு கூடிவிட்டதென்று அர்த்தம்.

கோழி சமாச்சாரம் வேறு.
சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் வாய் பிளந்து இளைக்கும்.
இளைக்க இளைக்கக் கரியமிலவாயு வெளியே போய்
ரத்தத்தில் அதற்குப் பஞ்சம் வந்து
முட்டை ஓடு மெலியும்.
விரல் வைத்தால் பள்ளம் விழும்.
பண்ணைக்காரர்கள் போனில் கத்துவார்கள்.
தண்ணீர் டேங்கில் சோடா உப்பு கலக்கச் சொல்வேன்.
கொஞ்ச நாளில் தேறிவிடும்.

குறைந்தாலும் மெலிகிறது,
கூடினாலும் மெலிகிறது.
இத்தனூண்டு வெள்ளைச் சுவர்
இரண்டு பக்கமும் பயந்துகொண்டு நிற்கிறது.
கடலுக்கு எத்தனை மூட்டை சோடா உப்பு?
எந்த டேங்கின் மூடியைத் திறப்பது?
கத்துவதற்கு அங்கே யாரிடம் போன் இருக்கிறது?

வெளியே பாய்லர் இரைகிறது.
காலையில் ஸ்கூட்டருக்கு நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன்.
அதில் இருபத்தைந்து ரூபாய்ப் புகை
கடலுக்குப் போய்ச் சேரும்.
நான் போனது ஒரே ஒரு முறை,
திருச்செந்தூரில், முழங்கால் வரைக்கும்,
சேலை நனைந்துவிடுமென்று
சீக்கிரம் ஏறி வந்துவிட்டேன்.

ஈரம் இரண்டு. மணல் மூன்று.
“எறக்குங்ண்ணா.”
கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்பு.

ராத்திரி, மகளுக்கு அவித்த முட்டையை
அடுப்பு மேடையில் தட்டுகிறேன்.
கெட்டி ஓடு. தூக்கத்தில்கூடத் தெரியும் எனக்கு இந்தச் சத்தம்.
நல்ல தீவனம் தின்ற கோழி,
எங்கள் தீவனமாகக்கூட இருக்கலாம்.
உரித்து ஓட்டைக் குப்பை வாளியில் போடுகிறேன்.
உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டு வருகிறது,
விட மனசில்லாமல்.

சந்தியாகு பொழுதோடயே கிளம்பிவிட்டான்.
இந்நேரம் வேலூர்ப் பாலம் தாண்டியிருப்பான்,
தார்ப்பாயை மடித்துத் தலைக்கு வைத்து
கிளீனர் தூங்க, காலி வண்டியில்.
தெற்கே கொண்டுபோக
நாங்கள் எதுவும் ஏற்றிவிடவில்லை,
குழாய் வழியே போவதைத் தவிர.

குவளையைக் கழுவாமல் வந்திருக்கிறேன்.
நுரை அடங்கியிருக்கும்.